"தம்பி, இந்த வயரைக் கொஞ்சம் பிடிங்க!"

தேவாரத்திலிருந்து உத்தமபாளையம் போகிற பஸ். அதிசயமாக ஜன்னலோர சீட் கிடைத்த சந்தோஷத்தில் கண்ணை மூடினேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த இளைஞர் ஒருவர் என் முகத்தையே உற்று உற்றுப் பார்ப்பது மூடின கண்ணுக்கும் தெரிந்தது.

"அண்ணே... நீங்க அந்தப் பாட்டுக் கேட்கிற சங்கத்துல செயலாளரா இருந்தீங்கள்ல?"

திக்கென்றது எனக்கு. அந்தச் சங்கம் செத்துப் பத்து வருஷம் ஆகிறது. முறையாகக் கருமாதிகூடச் செய்யவில்லை. சந்தா பாக்கியைத் திருப்பிக் கேட்க வந்திருக்கிறாரோ?

"இருந்தேன்... நீங்க?"

"ஒரே ஒரு நாள் வந்தேண்ணே. கடைசி பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன்."

சத்தியமாக ஞாபகம் இல்லை. அதைச் சொல்லவும் முடியாதே! "அப்புறம் ஏன் தம்பி வரலை?" என்று சமாளித்தேன்.

அவர் சிரித்தார். "வாங்கன்னீங்க. உட்காருங்கன்னீங்க. ஒரு ஃபாரத்தைக் குடுத்தீங்க. அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் என்னைய ஒருத்தரும் ஒண்ணும் கேட்கலை. அன்னிக்கு ஸ்பீக்கர் வயர் வேற அடிக்கடி புடுங்கிக்கிட்டே இருந்துச்சு. 'தம்பி, இந்த வயரைக் கொஞ்சம் பிடிங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, அடுத்த வாரமும் வந்திருப்பேண்ணே."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னார். அதுதான் சுருக்கென்று தைத்தது.

கதை இதுதான். பி.காம். முடித்துவிட்டு, கண்ணில் பட்ட கம்பெனிக்கெல்லாம் மனுப் போட்டுக்கொண்டிருந்த காலம். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஊர். (ஊர் பேர் வேண்டாம். இரண்டு டீக்கடையில் இன்னும் எனக்குக் கணக்கு இருக்கிறது.) ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடுவது, நல்ல பாட்டாகப் போட்டுக் கேட்பது, எந்த வாத்தியம் எந்த இடத்தில் நுழைகிறது என்று பேசுவது... இவ்வளவுதான் திட்டம். இளையராஜா பிறந்த பண்ணைப்புரத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதுகூடச் செய்யவில்லையென்றால் ஊர் சிரிக்காதா?

முதல் வேலையாக என்ன செய்தோம் தெரியுமா? ரப்பர் ஸ்டாம்ப்! அடுத்து லெட்டர்பேடு. அதற்கடுத்து நூறு தாள் கொண்ட ரசீதுப் புத்தகம். தலைவர், துணைத் தலைவர், செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர், தணிக்கையாளர், கொள்கைபரப்புச் செயலாளர் என்று பதினோரு பொறுப்புகள். வந்திருந்ததோ ஒன்பது பேர். ஆளுக்கு ஒன்று கொடுத்தும் இரண்டு பதவி மிச்சம். பாட்டுக் கேட்கிறதில் என்ன கொள்கை, அதை எங்கே பரப்புவது என்று யாரும் கேட்கவில்லை.

நான் காமர்ஸ் படித்தவன் அல்லவா? கணக்கு மட்டும் கனகச்சிதம். டெபிட், கிரெடிட், பேலன்ஸ் ஷீட் எல்லாம் பைசா பிசகாமல் டேலி ஆகும். ஆள்தான் டேலி ஆகவில்லை. ஒன்பது ஏழாகி, ஏழு நாலாகி, கடைசி ஞாயிறன்று நானும் ஜெராக்ஸ் கடைக்காரரும் மட்டும். அவர் வந்தது பாட்டுக் கேட்க இல்லை, வாடகை கேட்க!

'இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஆர்வம் இல்லை ஸார்' என்று இத்தனை வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆர்வம் கடைசி பெஞ்சில் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை.

பஸ் பண்ணைப்புரத்தில் நின்றது. இளைஞர் எழுந்தார். "நாங்க இங்க அஞ்சாறு பேர் சேர்ந்து, பழைய டேப் ரிக்கார்டரையெல்லாம் ரிப்பேர் பார்த்துப் பாட்டுக் கேட்டுக்கிட்டிருக்கோம். ஞாயித்துக்கிழமை வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். மேற்கே மலை. ஜன்னல் வழியாக அந்த ஊரைப் பார்த்தபோது எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஆள் சேர்ப்பது எப்படி என்று நான் எங்கெங்கோ தேடியிருக்கிறேன். பாடம் இந்த ஊரிலேயே அறுபது வருஷத்துக்கு மேலாகக் கிடக்கிறது!

இந்த ஊரில் பாவலர் வரதராஜன் என்று ஒருவர் இருந்தார். இளையராஜாவுக்கு அண்ணன். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடுகிறவர். 1957-ல் கேரளத்தில் இ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் மந்திரி சபை வந்தது. மறு வருஷம் தேவிகுளத்தில் இடைத்தேர்தல். ரோசம்மா புன்னூஸ் வேட்பாளர். மலைத் தோட்டங்களில் தேயிலை பறிக்கிறவர்களில் ஏராளமானவர்கள் தமிழர்கள். அவர்கள் நடுவில் மலையாளத்தில் மணிக்கணக்காகப் பேசி என்ன பிரயோஜனம்? பாவலர் மலையேறிப் போய்த் தமிழில் பாடினார். அந்தத் தேர்தலில் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார்.

அந்தக் குழுவில் தம்பி ராசய்யா சேர்ந்தபோது வயது 14. எந்த ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தார்? எதிலும் இல்லை. அண்ணன் தனியாகக் கஷ்டப்படுகிறாரே, தம்பியும் கூடப் போகட்டும் என்று அனுப்பி வைத்தவர் அம்மா சின்னத்தாய். சங்கத்தின் 'மெம்பர்ஷிப் செக்ரெட்டரி' அந்த அம்மாதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

போனவுடனே பையனுக்கு வேலை. குழுவில் பெண் குரல் கிடையாது. கிராமத்து மேடையில் அந்தக் காலத்தில் பாடப் பெண்ணைத் தேடி எங்கே போவது? பையனின் குரலோ இன்னும் உடையாத குரல். 'நீ பொம்பளைக் குரல்ல பாடு.' முடிந்தது இன்டர்வியூ. 'ஓரமா உட்கார்ந்து கவனி, ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்க்கலாம்' என்ற கதையே இல்லை. அவன் பாடவில்லையென்றால் அன்றைக்கு அந்தப் பாட்டே இல்லை என்கிற அளவுக்கு முக்கியமான இடம்.

இதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம். பையன் வளர்கிறான், குரல் உடைகிறது. பெண் குரல் போச்சு. நம் சங்கமாக இருந்தால் 'தம்பியின் சேவைக்கு நன்றி' என்று ஒரு துண்டைப் போர்த்தி அனுப்பியிருப்போம். அங்கே அவர் ஆர்மோனியத்துக்கு நகர்ந்தார். அதுவும் சுலபமாக நடக்கவில்லை. அண்ணன் தன் ஆர்மோனியத்தைத் தொட விடமாட்டார். தொட்டால் கையில் அடி விழும். அவர் இல்லாத நேரமாகப் பார்த்துத் திருட்டுத்தனமாகப் பழகியதை இளையராஜாவே மேடைகளில் சொல்லியிருக்கிறார். அதற்குள் அடுத்த தம்பி அமர் தயார். அமர்சிங் என்கிற கங்கை அமரன்தான், வேறு யார்? பெண் குரல் அவருக்குப் போனது. இன்னொரு சகோதரர் பாஸ்கரும் உண்டு. பாவலர் பிரதர்ஸ் என்ற பேரில் பத்து வருஷத்துக்குக் கிட்ட ஊர் ஊராகப் போய் வந்தார்கள்.

'ஏன்யா, அது வயிற்றுப்பாடு, கட்சி மேடை, அண்ணன் தம்பி உறவு. ஆபீஸ் முடிந்து வந்து பொழுதுபோக்குக்குச் சங்கம் நடத்துகிற எங்களோடு அதைச் சேர்க்கலாமா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். சொந்தத் தம்பியை அதட்டுகிற மாதிரி வந்த மெம்பரை அதட்டினால் மறுநாள் ஆள் இருக்கமாட்டான். ஆனால், ரத்த சம்பந்தம் இல்லாத ஒருவரும் அந்த வட்டத்துக்குள் வந்தாரே! தேனி அல்லிநகரத்துக்காரர். சுகாதார இன்ஸ்பெக்டர் உத்தியோகம். கொசுவை ஒழிக்கிற வேலையாக வந்தவருக்கும் இந்தச் சகோதரர்களுக்கும் சிநேகிதம் ஒட்டிக்கொண்டது. அவருக்கு நாடகப் பைத்தியம், இவர்களுக்குப் பாட்டுப் பைத்தியம். அவர் நாடகம் போட்டால் இவர்கள் மியூசிக். 1977-ல் 'பதினாறு வயதினிலே' படத்தில் இயக்கம் பாரதிராஜா, இசை இளையராஜா என்று டைட்டில் ஓடியபோது, இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது புதுக் கூட்டணியே இல்லை. முந்தின வருஷம் 'அன்னக்கிளி' வந்தபோது அதைக் கேட்க அண்ணன் வரதராஜன்தான் உயிரோடு இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'வந்த அன்றே வேலை கொடு' என்பதை நம் ஊரில் கரைத்துக் குடித்தவர்கள் சினிமா ரசிகர் மன்றத்துக்காரர்கள். புதுப் பையன் வந்தால் முதல் ராத்திரியே கையில் பசை வாளி! போஸ்டர் ஒட்டு, தோரணம் கட்டு. அவனும் ஒட்டிக்கொள்கிறான். சரி, பத்து வருஷம் கழித்துப் பார்த்தால்? அதே வாளி, அதே பசை. கொஞ்சம் வழுக்கை மட்டும் எக்ஸ்ட்ரா. பண்ணைப்புரத்துப் பையனுக்குப் பெண் குரலுக்கு அடுத்து ஆர்மோனியம் இருந்தது. வாளிக்கு அடுத்து என்ன என்று யாராவது யோசித்தார்களா? வேலை கொடுப்பது வேறு, எடுபிடியாக வைத்துக்கொள்வது வேறு. ஆபீசில் பத்து வருஷமாக ஒரே சீட்டில் உட்கார்ந்து ஒரே லெட்ஜரைப் பார்க்கிற அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பட்டணத்துக் கதை ஒன்று. 1972-ல் மெட்ராஸ் சோவியத் கலாசார மையத்தில் டால் செஸ் கிளப் ஆரம்பமானது. உலக சாம்பியனாக இருந்த மிகயீல் டாலின் பேர். முன் நின்றவர்களில் முக்கியமானவர் மானுவல் ஆரோன். 1961-லேயே இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனவர். இந்தக் கிளப்புக்கு அம்மாவிடம் செஸ் கற்றுக்கொண்ட ஒரு சின்னப் பையன் வந்து சேர்ந்தான். அங்கே யாரும் அவனைக் கன்னத்தில் கிள்ளிக் கொஞ்சவில்லை. ஒரே ஒரு சட்டம்தான். மின்னல் வேக ஆட்டம்; ஜெயித்தவன் உட்கார்ந்திருக்கலாம், தோற்றவன் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். வரிசையோ நீளம். மறுபடி முறை வர எவ்வளவு நேரமாகுமோ! அதனால் தோற்கக்கூடாது என்கிற வெறி தானாக வந்துவிடும். இந்த அனுபவத்தை விஸ்வநாதன் ஆனந்தே பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஆமாம், அந்தப் பையன் அவர்தான். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர்.

அந்தச் சட்டத்தை யோசித்துப் பாருங்கள். பழைய ஆள், புது ஆள், பெரியவர், பொடியன் என்ற பேதமே கிடையாது. பொடியன் ஜெயித்தால் பெரியவர் எழுந்து நிற்கவேண்டும். நாங்கள் ஒன்பது பேர் பதினோரு பதவியைப் பங்கு போட்டோமே, அங்கே யார் எழுந்திருப்பது? எல்லா நாற்காலியும் முதல் நாளே ஃபுல்!

சென்னைக் கடற்கரைக்குப் போவோம். 1988-லிருந்து அங்கே மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்புக் குழு ஒன்று இயங்கி வருகிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் சீஸன். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி நேரத்தில் மணலில் நடப்பார்கள். டி.வி. சீரியல் முடிந்து ஊர் தூங்கப் போகிற நேரம்தான் இவர்களுக்கு ஆபீஸ் டைம். கடலிலிருந்து ஏறி வந்த ஆமையின் தடம் டிராக்டர் டயர் போன மாதிரி இருக்குமாம். தடத்தைப் பிடித்துக் குழியைக் கண்டுபிடிக்கவேண்டும். ஒன்றரை அடி ஆழத்தில் நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும். விட்டுவைத்தால் நாய் தோண்டிவிடும். பொரித்த குஞ்சோ, கடல் என்று நினைத்துத் தெருவிளக்கைப் பார்த்து ஓடிவிடும். ஆகவே ஜாக்கிரதையாக எடுத்துப் போய்ப் பொரிப்பகத்தில் அதே மாதிரிக் குழி தோண்டிப் புதைக்கிறார்கள். ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் குஞ்சுகள் வரும். கடலில் விடுவார்கள். ஆயிரத்தில் ஒன்று தேறினால் பெரிசு என்பது பொதுவான கணக்கு. (எங்கள் சங்கத்தைவிட மோசமான விகிதம்தான். ஆனாலும் ஆமை சளைப்பதில்லை.)

நான் ரசித்தது இதைத்தான்: பொதுஜனங்களையும் வார இறுதி நடைகளில் கூட அழைத்துப் போயிருக்கிறார்கள். கல்லூரி மாணவர், கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர், குழந்தையோடு வந்த குடும்பம் என்று பலதரப்பட்டவர்கள். 'முதலில் ஆமையைப் பற்றிப் பரீட்சை எழுது' என்று யாரையும் வாசலில் நிறுத்தவில்லை. கிலோமீட்டர் கணக்கில் மணலில் நடக்கவேண்டும், அதுதான் பரீட்சை. நடக்கிற எல்லோருக்கும் கண் இருக்கிறது; இருட்டில் தடம் தேடுகிற வேலைக்கு ஒரு ஜோடிக் கண் கூட இருந்தால் நல்லதுதானே? நிறையப் பேர் ஒரு ராத்திரியோடு சரி. சிலர் மறுபடி வருகிறார்கள். குழி தோண்டவும் முட்டையைக் கையாளவும் பழகுகிறார்கள். பரீட்சை முடிந்து, வேலை கிடைத்து, கல்யாணமாகி மாணவர்கள் போய்க்கொண்டே இருக்கிற ஒரு குழு முப்பது வருஷத்துக்கு மேல் நிற்கிறதென்றால் சும்மாவா? எங்களுடையது முப்பது வாரம்கூட நிற்கவில்லை.

உத்தமபாளையத்தில் இருந்துகொண்டு ஆமைக்கு எங்கே போவது என்கிறீர்களா? 2015-லிருந்து ஒவ்வொரு தை மாதமும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. மொட்டை மாடியில், வயல் வரப்பில், எங்கே வேண்டுமானாலும் நின்று பதினைந்து நிமிஷம் பறவைகளைப் பார்த்து, எது எத்தனை என்று குறித்து அனுப்பினால் போதும். சந்தா இல்லை, ஸ்டாம்ப் இல்லை. காக்காயும் கணக்கில் சேர்த்தி. கரும்பு கடித்துக்கொண்டே செய்யலாம்.

இந்தச் சூட்சுமத்தை எழுதியே வைத்துவிட்டுப் போன வெளிநாட்டு ஆசாமி ஒருவரும் உண்டு. பெஞ்சமின் ஃபிராங்க்ளின். 1727-ல் பிலடெல்பியாவில் பிரஸ்காரர், சர்வேயர், செருப்பு தைக்கிறவர் என்று சாதாரண உழைப்பாளிகளைச் சேர்த்து வெள்ளிக்கிழமை தோறும் கூடுகிற சங்கம் ஒன்றை ஆரம்பித்தார். 12 பேர்தான் உச்சவரம்பு. 'இன்னும் ஆள் சேர்க்கலாமே' என்று மெம்பர்கள் கேட்டபோது, 'இதைப் பெருக்க வேண்டாம், நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு குட்டிச் சங்கம் ஆரம்பியுங்கள்' என்றார். வாட்ஸ்அப் குரூப்பில் இருநூறு பேரும் கூட்டத்தில் நாலு பேருமாகத் தவிக்கிற நம் தலைவர்கள் கவனிக்க!

அவர் செய்த இன்னொரு வேலை பலே வேலை. சட்டசபையில் தன்னைப் பிடிக்காத ஒருவரை வழிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. கும்பிடு போடவில்லை, பரிசு கொடுக்கவில்லை. அந்த மனிதரிடம் அபூர்வமான ஒரு புத்தகம் இருக்கிறது என்று தெரிந்து, இரவல் தரமுடியுமா என்று கேட்டுச் சீட்டு அனுப்பினார். புத்தகம் வந்தது. ஒரு வாரத்தில் நன்றியோடு திருப்பிக் கொடுத்தார். அதோடு ஜென்ம சிநேகிதம். உதவி வாங்கினவனைவிட உதவி செய்தவனுக்குத்தான் ஒட்டுதல் அதிகம் என்று தெரிந்து வைத்திருந்த மனுஷர். நாமோ புதிதாக வந்தவருக்குக் கூச்சத்தில் காபி வாங்கிக் கொடுத்து 'நீங்க சும்மா உட்காருங்க ஸார், நாங்க பார்த்துக்கிறோம்' என்று விருந்தாளியாக்கி, விருந்தாளி மாதிரியே அனுப்பியும் வைத்துவிடுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை பண்ணைப்புரம் போனேன். போகலாமா வேண்டாமா என்று ரெண்டு நாள் யோசித்துவிட்டுத்தான். செயலாளராக இருந்தவன் கடைசி பெஞ்சுக்குப் போவதென்றால் கௌரவம் இடிக்கிறது பாருங்கள்.

ஒரு வீட்டுத் திண்ணை. நாலைந்து பழைய டேப் ரிக்கார்டர்கள் குடலைக் காட்டிக்கொண்டு கிடந்தன. ஒருவர் ஈயப் பற்று வைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் சிக்கின காஸெட் நாடாவைப் பென்சில் விட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார். போர்டு இல்லை, பேனர் இல்லை. நான் வாசலில் நின்று தொண்டையைக் கனைத்தேன். 'இவர்தான் அந்தக் காலத்தில்...' என்று யாராவது நம்மை அறிமுகப்படுத்துவார்கள் என்று சட்டைக் காலரைக்கூடச் சரி செய்துகொண்டேன்.

பஸ்ஸில் பார்த்த தம்பி நிமிர்ந்தார். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"அண்ணே, நல்ல நேரத்துல வந்தீங்க. இந்த வயரைக் கொஞ்சம் பிடிங்க. ஆட்டிராதீங்க, லூஸ் கான்டாக்ட்."

பிடித்தேன். முக்கால் மணி நேரம் கை கடுக்க நின்றேன். கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் ஒரு புல்லாங்குழல். திண்ணையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் "ஆங்..!" என்றார்கள். நானும்தான்.

கிளம்பும்போது ஈயப் பற்று வைத்தவர் தலையைத் தூக்காமலே சொன்னார்:

"அடுத்த வாரம் வர்றப்ப ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்துட்டு வந்திருங்கண்ணே. இது பத்தலை."

வாங்கி வைத்துவிட்டேன்.